குறட்டையும் குண்டிக்காயும்

பருத்தித்துறைப் பட்டினத்தாருள் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தை அறியாதார் இலர். பெயருக்கேற்பத் தெருவையே கூரையால் மூடி, இருமருங்கும் கற்றூண்களும் திண்ணைகளுமாக நிற்பது அம்மடம். வெயிலில் நடந்து களைத்த வழிப்போக்கர் சற்றே சாய்ந்து இளைப்பாறிச் செல்வதற்காக நம் முன்னோர் செய்துவைத்த அறம் அது.

அத்திண்ணையிலே ஒரு நண்பகற் போதில் இருவர் படுத்துறங்குவதாகக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் அரவமின்றி உறங்குகிறார். மற்றவரோ கூரை அதிரக் குறட்டை விடுகிறார். வீதியாற் செல்வோர் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்கின்றனர். திடீரென்று குறட்டை நின்றுவிடுகிறது. பத்து நொடி, இருபது நொடி, முப்பது நொடி, ஓசையே இல்லை. பின்பு நீரில் அமிழ்ந்தவன் தலைதூக்கினாற்போல ஒரு பெருமூச்சு, மீண்டும் குறட்டை. குறட்டையைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். இடையிலே வந்த அந்த நிசப்தத்தை எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். இக்கட்டுரை அந்த நிசப்தத்தைப் பற்றியதே. அதற்கும், முதுகுப்புறத்தே விலாவின் கீழ் அமைந்து ஓயாது தொழில்புரியும் சிறுநீரகத்திற்கும் உள்ள உறவைப் பற்றியதே.

நகைப்பிற்குரியதா குறட்டை?

கும்பகர்ணனை எழுப்பப் போனவர்கள் அவன் மூச்சுக் காற்றிலே அகப்பட்டுத் தத்தளித்தார்கள் என்று இராமகாதை கூறும். அக்காலந்தொட்டுக் குறட்டை நமக்கு ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்து வருகிறது. "ஐயா குறட்டை விட்டால் கள்ளனும் கிட்ட வரமாட்டான்" என்று பிள்ளைகள் பரிகசிப்பர். அலுத்து உழைத்தவரின் ஆழ்ந்த உறக்கத்திற்கு அது அடையாளம் என்று ஆச்சிமார் சமாதானம் கூறுவர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. உரத்த குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் முழக்கமன்று. ஒடுங்கிய வழியிலே காற்றுப் படும் பாடு.

நாம் உறங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டையின் தசைகளும் அவ்வாறே தளர்கின்றன. நா பின்னோக்கிச் சரிகிறது. சிலருக்கு அதனால் மூச்சுக்குழலுக்குச் செல்லும் வழி ஒடுங்குகிறது. சிலருக்கு முற்றாகவே அடைபட்டுவிடுகிறது. நெஞ்சு எழுந்து தாழ்ந்து மூச்சிழுக்க முயன்றும் காற்று உட்செல்வதில்லை. இரத்தத்திலே பிராணவாயு குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உறங்குபவரைக் கணப்பொழுது உலுக்கி எழுப்புகிறது. தசைகள் இறுகி, வழி திறந்து, பெருமூச்சு வருகிறது. அடுத்த கணமே மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஆங்கில வைத்தியர் 'ஸ்லீப் அப்னியா' என்று வழங்கும் உறக்க மூச்சுத்தடை இதுவே.

பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால், அல்லது மிகவும் தணிந்தால், அதை ஒரு தடையாகக் கணக்கிடுவர். மணிக்கு 5 தடவைக்கு மேற்பட்டால் நோயின் தொடக்கம். 15 தடவைக்கு மேல் நடுத்தரம். 30 தடவைக்கு மேல் கடுமை. கடுமையான நோயாளி ஒருவர் ஏழு மணி நேரம் உறங்கினால், இருநூறு தடவைக்கு மேல் மூச்சுத் திணறி எழுகிறார் என்பது கணக்கு. விடிந்தபின் அவற்றுள் ஒன்றேனும் அவர் நினைவில் இராது என்பதுதான் விந்தை. 'நன்றாகத்தான் நித்திரை கொண்டேன்; ஆனால் உடம்பு அடித்துப்போட்டாற்போல இருக்கிறது' என்பார்; அவ்வளவே.

இந்நோய் அரிதன்று. 30 முதல் 69 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 93 கோடியே 60 இலட்சம் பேர் இதனாற் பீடிக்கப்பட்டுள்ளனர் என்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. பெருத்த உடம்பினர்க்கே இது வருமென்று எண்ணுதலும் தவறு. தாடையின் அமைப்பினாலும் கழுத்தின் பருமனாலும் மெலிந்தாரிடத்தும் இது காணப்படுவதுண்டு.

டிக்கன்ஸ் கண்ட சிறுவன்

இந்நோயை வைத்தியர்கள் அறியுமுன்னரே ஒரு நாவலாசிரியர் கண்டுவிட்டார். 1836-37ஆம் ஆண்டுகளில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதி வெளியிட்ட 'பிக்விக்' கதையிலே ஜோ என்றொரு பருத்த சிறுவன் வருகிறான். பணிவிடை செய்துகொண்டு நிற்கும்போதே உறங்கிவிடுவான், உறங்கினாற் குறட்டை. வாசகர்கள் சிரித்தார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டிலே, பேர்வெல் என்பவரும் அவர்தம் உடனாய்வாளரும் இத்தகைய ஒரு நோயாளியை விவரித்து, அந்நிலைக்குப் 'பிக்விக் நோய்' என்றே பெயரிட்டனர். 1965ஆம் ஆண்டிலே பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் உறங்குவோரின் மூச்சை இரவு முழுதும் பதிவுசெய்து, அது மீண்டும் மீண்டும் நிற்பதைக் கண்டறிந்தனர்.

நோய் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. கழுத்தின் முன்புறத்தைத் துளைத்து மூச்சுக்குழலில் ஒரு குழாய் வைப்பதொன்றே அக்காலத்திற் கடுமையான நோய்க்குப் பரிகாரமாக இருந்தது. உயிர் பிழைக்கும், ஆயினும் தொண்டையில் துவாரத்துடன் வாழ யார் விரும்புவர்?

அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரத்து வைத்தியர் கொலின் சலிவன் ஓர் எளிய வழியை நினைத்தார். துருத்தியால் ஊதினால் தோற்பை விரிந்து நிற்பதுபோல, மூக்கின் வழியாகச் சிறிது அழுத்தத்துடன் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் தொண்டை அடைபடாது திறந்தே நிற்குமன்றோ? தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் விசையைக் காற்று ஊதுமாறு மாற்றி, மூக்குக்கு ஒரு கவசமும் செய்து, நோயாளிகளிடம் பரீட்சித்தார். மூச்சுத்தடை அன்றிரவே அகன்றது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981ஆம் ஆண்டிலே 'லான்செற்' என்னும் வைத்தியச் சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் 'சீபாப்' என வழங்கும் கருவியின் பிறப்பு அதுவே. அது பிராணவாயுவைக் கொடுப்பதன்று. அறையிலுள்ள காற்றையே அழுத்தத்துடன் கொடுப்பது.

ஓய்வறியா இரு தொழிலாளர்

இனிச் சிறுநீரகத்திடம் வருவோம். நம் பாட்டன்மார் குண்டிக்காய் என்றதும், பாடநூல்கள் சிறுநீரகம் என்பதும் ஒன்றே. கைப்பிடியளவான இவ்விரண்டு உறுப்புகளுக்கும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு செல்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் உள. அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடித்தெடுத்து, வேண்டியவற்றையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லீற்றரளவே சிறுநீராகக் கழிக்கின்றன.

இவற்றின் பெருமையே இவற்றின் ஆபத்துமாகும். பாதிக்கு மேல் பழுதுற்ற பின்னரும் சிறுநீரகங்கள் முறையிடா, நோவு காட்டா. கால் வீங்கி, உணவு வெறுத்து, உடல் சோரும்போது நோய் முற்றியிருக்கும். இலங்கையிலே சிறுநீரக நோய் என்றதும் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990ஆம் ஆண்டுகளிலிருந்து அறியப்பட்ட நோயும், கிணற்று நீரும் நினைவுக்கு வருகின்றன. அந்நோயின் காரணம் இன்னும் ஐயமறத் துணியப்படவில்லை. ஆனால், உலகெங்கும் நாட்பட்ட சிறுநீரகக் கேட்டிற்கு முதற்காரணங்களாக நிற்பவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே. கிணற்றைப் பார்த்து அஞ்சும் நாம், உப்புச் சாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து அஞ்சுவதில்லை. படுக்கையைப் பார்த்து அஞ்சுவது எங்ஙனம்?

மூச்சு நின்றால் வடி நோவது ஏன்?

உறக்க மூச்சுத்தடை பல வழிகளாற் சிறுநீரகத்தை வருத்துகிறது.

முதலாவது, பிராணவாயுக் குறைவு. சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பாகவே குறைந்த பிராணவாயுவில் தொழில்புரியும் இடம். இரவு முழுதும் இரத்தத்திற் பிராணவாயு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், முதலில் வாடுவது அப்பகுதியே.

இரண்டாவது, இரத்த அழுத்தம். நலமுள்ளோர் உறங்கும்போது இரத்த அழுத்தம் பகலினும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வீதம் தணியும். நாளெல்லாம் பாரம் சுமந்த குழாய்களுக்கு அது ஓய்வு வேளை. மூச்சுத் திணறுவோர்க்கோ ஒவ்வொரு திணறலிலும் உடம்பு பகைவரைக் கண்டாற்போலக் கிளர்ந்தெழுகிறது, நாடி விரைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஓய்வு வேளையும் உழைப்பு வேளையாகிறது. மூன்று வகை மாத்திரை உண்டும் இரத்த அழுத்தம் தணியாதவர்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதை வைத்தியர்கள் அறிவர்.

மூன்றாவது, வடிகளின் மேல் விழும் பாரம். இக்கிளர்ச்சியினால் இரத்தக் குழாய்களை இறுக்கும் சுரப்புகள் மிகுகின்றன. வடிகளுள் அழுத்தம் கூடுகிறது. கூடவே கசியத் தகாத அல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசியத் தொடங்குகிறது. வலை கிழியத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது.

இன்னொன்றும் உண்டு, அது பலரையும் ஏமாற்றுவது. இரவிலே இரண்டு மூன்று தடவை எழுந்து சிறுநீர் கழிப்பவர், "எனக்குச் சலரோகம், அதனாற்றான்" என்பார். அல்லது வயதின் மேற் பழி போடுவார். சில வேளைகளிற் காரணம் தொண்டையிலே இருக்கும். அடைபட்ட வழிக்கு எதிராக நெஞ்சு மூச்சிழுக்கும்போது இதயத்தின் அறைகள் விரிகின்றன. நீர் மிகுந்துவிட்டதென்று தவறாக எண்ணிய இதயம், சிறுநீரைப் பெருக்கும் ஒரு சுரப்பை இரத்தத்திற் கலக்கிறது. மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெற்ற பலர், இரவில் எழும் தொல்லை குறைந்ததென்று கூறுவது இதனாலேயாம்.

ரொறன்ரோவிற் கண்ட உண்மை

மூச்சு சிறுநீரகத்தைக் கெடுப்பது ஒருபுறமிருக்க, சிறுநீரகம் மூச்சைக் கெடுப்பதும் உண்டு. தொழில் குன்றிய சிறுநீரகத்தினால் உடம்பில் நீர் தேங்குகிறது. பகலிலே நின்றும் இருந்தும் திரிகையில் அந்நீர் கால்களில் இறங்கி நிற்கும். இரவிலே படுத்தவுடன் அது மேல்நோக்கிப் பரவிக் கழுத்திற் சேர்கிறது. தொண்டை வழி மேலும் ஒடுங்குகிறது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்து இயந்திரத்தினால் இரத்தச் சுத்திகரிப்புப் பெறுவோரில், ஏறக்குறையப் பாதிப்பேரிடமோ அதற்கு மேலோ உறக்க மூச்சுத்தடை இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்குத் தெளிவான சான்று கனடாவிலிருந்து வந்தது. வடமராட்சியிலிருந்து சென்ற எத்தனையோ குடும்பங்கள் வாழும் ரொறன்ரோ நகரத்திலே, ஹான்லி, பியராற்றோஸ் என்னும் வைத்தியர்கள் பதினான்கு நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்கள் வழக்கம்போல வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புப் பெற்று வந்தவர்கள். அம்முறையை மாற்றி, இரவிலே உறங்கும்போது எட்டு முதல் பத்து மணி நேரம், வாரத்தில் ஆறு அல்லது ஏழு இரவுகள் மெல்லச் சுத்திகரிக்கச் செய்தனர். முன்பு மணிக்குச் சராசரி 25 தடவை தடைப்பட்ட மூச்சு, பின்பு 8 தடவையாகக் குறைந்தது. தொண்டைக்கு யாதொரு சிகிச்சையும் செய்யாமலே, இரத்தத்தைத் தூய்மையாக்கியதனால் மூச்சு சீர்ப்பட்டது. 2001ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அக்கட்டுரை, மூச்சும் சிறுநீரும் ஒரே வீட்டின் இரு அறைகள் என்பதை மெய்ப்பித்தது.

சிகிச்சை சிறுநீரகத்தைக் காக்குமா?

அப்படியாயின், காற்றுக் கருவியை அணிந்துகொண்டால் சிறுநீரகம் பிழைத்துவிடுமா? இவ்வினாவிற்கு ஆம் என்று ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. இதய நோயோ பாரிசவாதமோ உடைய 2,717 பேரை இந்தியா உட்பட ஏழு நாடுகளிலே பின்தொடர்ந்த பெரும் ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவி அணிந்தோர்க்குப் பகலுறக்கம் குறைந்தது. மனநிலையும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. ஆனால், மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்தன என்று காட்ட முடியவில்லை. அவர்களுள் ஏறத்தாழ 200 பேரின் சிறுநீரகங்களை நான்கு ஆண்டுகளுக்கு மேற் கவனித்தபோதும், கருவி அணிந்தோர்க்கும் அணியாதோர்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தோன்றவில்லை.

இதனைக் கேட்டு, 'பின் எதற்கு இந்தத் தொல்லை?' என்று கைவிடுதல் கூடாது. அவ்வாய்விலே கருவியை அணிந்தோர் இரவொன்றுக்குச் சராசரி மூன்றேகால் மணி நேரமளவே அணிந்தனர். பாதி இரவு குடை பிடித்துவிட்டு, மழையில் நனைந்தேன் என்று குடையைக் குறை கூறலாமா? மேலும், இரத்த அழுத்தம் இச்சிகிச்சையாற் சிறிதளவு தணிவதும், மருந்துக்கு அடங்காத அழுத்தமுடையோரிடம் மிகுதியாகத் தணிவதும் நிறுவப்பட்ட உண்மைகள். வடிகளின் மேலுள்ள அழுத்தம் குறைவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, கருவி சிறுநீரகத்திற்கு மருந்து என்று கூறுதல் மிகை. அதனாற் பயனில்லை என்று கூறுதல் பிழை. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்குவதே சிறுநீரகத்திற்கு முதற்காவல். மூச்சைச் சீராக்குதல் அக்காவலுக்குத் துணைக்காவல்.

கருவியொன்றே வழி என்பதுமன்று. உடற்பருமன் குறைந்தால் மூச்சுத்தடையும் குறையும். மல்லாந்து படுப்பதை விடுத்து ஒருக்களித்துப் படுத்தல் பலர்க்கு நன்மை தரும். கள்ளாயினும் சாராயமாயினும் இரவிலே தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும்; வைத்தியர் கூறாத தூக்க மாத்திரையும் அவ்வாறே. கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் வாய்க்கருவிகளும், தக்கோர்க்கு அறுவைச் சிகிச்சையும் உள. உடற்பருமனைக் குறைக்கும் டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை, பருத்த உடலினரின் மூச்சுத்தடைக்கு வழங்கலாமென்று அமெரிக்க அரசு 2024ஆம் ஆண்டு திசம்பரில் அனுமதித்தது. பிள்ளைகள் குறட்டை விட்டால் தொண்டையின் சதைக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். வகுப்பிலே கவனம் சிதறும் மாணவனைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் இரவிலே எவ்வாறு மூச்சு விடுகிறான் என்பதைப் பெற்றோர் ஒருமுறை கேட்டல் நன்று.

எட்டு வினாக்கள்

வீட்டிலிருந்தபடியே ஐயத்தைத் தெளிந்துகொள்ள எட்டு வினாக்கள் உள. ரொறன்ரோவிலேயே வகுக்கப்பட்டு 2008ஆம் ஆண்டில் வெளிவந்த முறை இது. மூடிய கதவுக்கு அப்பாலும் கேட்குமாறு குறட்டை உண்டா? பகலிலே களைப்பும் உறக்கமும் வருகின்றனவா? உறக்கத்தில் மூச்சு நின்றதை யாரேனும் கண்டதுண்டா? உயர் இரத்த அழுத்தம் உண்டா? உடற்பருமன் மிக அதிகமா? வயது ஐம்பதைக் கடந்ததா? கழுத்தின் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதா? ஆணா? இவற்றுள் மூன்றிற்கேனும் 'ஆம்' என்றால் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். ஐந்திற்கு மேலாயின் தாமதித்தல் ஆகாது. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தும் இந்நோய் பெருகுகிறது. ஆதலால் பெண்கள் கடைசி வினாவைக் கொண்டு தமக்கு இல்லையென்று துணிதல் தவறு.

மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவிற்கோ மாதந்தோறும் செல்வோர் நம்மவருள் அநேகர். மருந்துத் துண்டை நீட்டி மாத்திரை பெற்றுத் திரும்புவதோடு நில்லாமல், "ஐயா, எனக்கு இரவிலே மூச்சு நிற்கிறதாம், சிறுநீரில் அல்புமினும் இரத்தத்திற் கிரியற்றினினும் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையை அறிய அவ்விரு பரிசோதனைகளே முதற்படி. உறக்கப் பரிசோதனை வேண்டுமாயின் எங்குச் செய்யலாம் என்பதை வைத்தியர் கூறுவார். உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்படுத்துங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும், நம்மூர்ப் புகழ்பெற்ற தட்டை வடையும் அந்தக் கணக்கில் அடங்குவனவே! உடம்பு நோவுக்கெனக் கடையில் வாங்கி நெடுநாள் விழுங்கும் நோவு மாத்திரைகளும் சிறுநீரகத்திற்குப் பகை.

கேட்பார் யார்?

இறுதியாக ஒன்று. இந்நோய்க்குச் சாட்சி நோயாளி அல்லர், பக்கத்திலே படுத்திருப்பவரே. "இஞ்சாருங்கோ, இராத்திரி உங்களுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருகுது, எனக்குப் பயமாயிருக்கு" என்று மனைவி கூறினால், "உனக்கு வேறை வேலையில்லை" என்று கணவன் சிரித்துவிடுகிறான். அப்பெண்ணோ, வைத்தியர் முன்னிலையிலே கணவனின் குறட்டையைப் பற்றிப் பேசுவது மரியாதையன்று என நாணி வாளாவிருந்து விடுகிறாள். நாணம் நல்லணிகலன், ஆயினும் இவ்விடத்திலே அது நஞ்சு. வைத்தியரின் அறைக்குள் மனைவியும் உடன் செல்க. அவள் கண்டதைக் கூறுக.

பக்கத்திலே எவருமில்லாதோர் நிலை என்ன? பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்க, பெரிய வீட்டிலே தனியாக உறங்கும் முதியோர் இன்று பருத்தித்துறையிற் பலர். அவர்களுடைய மூச்சு நிற்பதை அறிபவர் எவருமிலர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள், "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பதோடு நில்லாமல், "காலையில் எழும்பேக்கை தலையிடிக்குதோ? இரவில் எத்தினை தரம் எழும்புறீங்கள்? பகலில் இருந்த இருப்பிலை நித்திரை வருகுதோ?" என்றும் கேட்பார்களாக. விடுமுறைக்கு வந்து தங்கும் பிள்ளை, ஓர் இரவு தாய் தந்தையரின் அறை வாயிலில் நின்று, குறட்டையின் நடுவே வரும் நிசப்தத்திற்குச் செவி கொடுப்பானாக.

தெருமூடி மடத்தைக் கட்டியோர், முன்பின் அறியாத வழிப்போக்கனின் உறக்கத்திற்கு நிழல் செய்தனர். நம் வீட்டில் உறங்குவோரின் மூச்சை ஒரு நாழிகை கவனித்தல் அதனினும் எளிய அறமன்றோ?